கத்தரிக்காய்க் குடுவையும் துத்தநாகமும்

லேபில் ஜிங்க் ஆக்சைடைச் சூடுபடுத்திப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பொடி மஞ்சளாகும், ஆறினால் மறுபடி வெள்ளையாகிவிடும். ரெக்கார்டில் எழுதி மார்க் வாங்கியதோடு நாமும் அதை மறந்துவிட்டோம். ஆனால் இந்தப் பொடியிலிருந்து உலோகத்தைப் பிரிக்க மனிதன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

செம்புத் தாதுவைக் கரியோடு உலையில் போட்டால் அடியில் செம்பு தங்கும். துத்தநாகம் அப்படித் தங்காது. அதன் ஆக்சைடிலிருந்து கரி ஆக்சிஜனைப் பிடுங்கச் சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வேண்டும். உலோகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும்! அந்தச் சூட்டில் காற்றைத் தொட்டதும் ஆவி எரிந்து மீண்டும் அதே வெள்ளைப் பொடி. பஞ்சு பஞ்சாகப் படியும் இதற்கு ஐரோப்பிய ரசவாதிகள் 'தத்துவஞானியின் கம்பளி' என்று பெயர் வைத்தார்கள். ரோமானியர்கள் வேறு வழி பிடித்தார்கள். மூடிய பாத்திரத்தில் ஆவியைச் செம்புக்குள்ளேயே ஏறவிட்டுப் பித்தளை செய்துகொண்டார்கள். தனித் துத்தநாகம் மட்டும் சிக்கவில்லை.

அதைப் பெரிய அளவில் பிடித்த இடம் ராஜஸ்தானில் உதய்ப்பூர் பக்கத்திலுள்ள ஜாவர். 1980களில் அங்கே அகழ்ந்தபோது, ஒரு உலைக்கு 36 மண் குடுவைகள் வீதம் அடுக்கியபடியே கிடைத்தன. பார்க்க அசல் கத்தரிக்காய். 'ரசரத்ன சமுச்சயம்' என்ற சமஸ்கிருத நூலும் இந்தக் குடுவையைக் கத்தரிக்காய்ப் பெயரிலேயே சொல்கிறது.

வேலை எளிமையானது. தாதுவை முதலில் வறுத்து ஆக்சைடாக்குவார்கள். அதைக் கரியோடு குடுவையில் அடைத்து, வாயில் மண் குழாய் பொருத்தித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். மேலே நெருப்பு, கீழே, துளையிட்ட தட்டுக்கு அடியில், சூடு குறைந்த அறை. ஆவி மேலே ஓட வழியில்லை. குழாய் வழியாகக் கீழே இறங்கிக் குளிர்ந்து சொட்டும். உள்ளே காற்றும் இல்லை, எனவே மறுபடி ஆக்சைடாகும் பேச்சே இல்லை. எனக்கு இந்தக் கவிழ்க்கும் யோசனைதான் பெரிய ஆச்சரியம்.

பிரிஸ்டலில் வில்லியம் சாம்பியன் 1738ல் காப்புரிமை வாங்கிய முறையிலும் ஆவி கீழ்நோக்கித்தான் இறங்கும். 'நம்மிடம் திருடினார்' என்று எழுத ஆசைதான், ஆனால் அதற்கு ஆவணம் வேண்டுமே! பல புத்தகங்களில் 1746, ஜெர்மனியின் மார்க்கிராஃப், கண்டுபிடிப்பாளர் என்று இருக்கிறது. அவர் தனியாகப் பிரித்து விவரமாக எழுதியது உண்மை. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே ஜாவரில் உலை எரிந்திருக்கிறது. 1988ல் அமெரிக்க உலோகவியல் சங்கம் அந்த இடத்துக்கு வரலாற்றுச் சின்ன அங்கீகாரம் கொடுத்தது.

ஒருமுறை எரித்த குடுவையைத் திரும்பப் பயன்படுத்த முடியாது. எறிந்தவை அங்கே மேடு மேடாகக் குவிந்தன. ஊர்க்காரர்கள் அவற்றை எடுத்து அடுக்கி வீட்டுச் சுவர் கட்டிக்கொண்டார்கள்.