கான்ட்ராக்டருக்கும் நகராட்சிக்கும் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்வது யார்?

தோண்டிப் போட்ட சாக்கடை, கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பஸ் ஸ்டாண்ட் கட்டிடம், பாதியில் நின்ற குடிநீர்த் தொட்டி... இவை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. "கான்ட்ராக்டர் ஓடிட்டான்" என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார். "ஆபீஸ்ல பில் பாஸ் பண்ணல, அவன் என்ன செய்வான்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டில் எது உண்மை என்று முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு? சாதாரணக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக இதற்குச் சரியான விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, இராமேஸ்வரம் என்று நான்கு நகராட்சிகள் உள்ள மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே கட்டிட வேலையில் சண்டை வருவதற்குக் கடலே பாதிக் காரணம். இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி. கிணறு தோண்டினால் உப்புத் தண்ணீர் வரும் ஊரில் நல்ல தண்ணீரை லாரியில் கொண்டுவர வேண்டும். அந்த வாடகை யார் கணக்கில்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். அந்த மூன்று மாதத் தாமதத்துக்கு அபராதம் போடலாமா? 1988 அக்டோபர் 2-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை இராமேஸ்வரம் தீவுக்குச் சிமெண்டும் செங்கல்லும் ரயிலில் வரவேண்டும், இல்லையென்றால் படகில் வரவேண்டும். ரயில் நின்றால் வேலையும் நின்றது!

1964 டிசம்பர் புயலில் அப்படித்தான் நின்றது. பாம்பன் ரயில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. அதைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆகும் என்று முதலில் சொன்னார்கள். பிறகு மூன்று மாதம் என்றார்கள். இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரனிடம் பொறுப்பு வந்தது. கடலில் கிடந்த கர்டர்களையே தேடி எடுத்து 46 நாளில் ரயில் ஓட வைத்தார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே வேலையும் முடிவும் ரயில்வே கையிலேயே இருந்தன. எல்லா வேலையையும் அரசு தானே செய்ய முடியாது. டெண்டர் விட்டுத்தான் ஆகவேண்டும். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

அந்த ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24-ல் திறக்கப்பட்டது. அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் பொறியாளர்தான் சகலமும். அளப்பவர் அவர், சான்றிதழ் தருபவர் அவர், தகராறு வந்தால் தீர்ப்பு சொல்பவரும் அவரே. அவருக்குச் சம்பளம் கொடுப்பது வேலையைக் கொடுத்தவர்! பிரிட்டனில் பிரபுக்கள் சபையின் ஹிக்மன் எதிர் ராபர்ட்ஸ் வழக்கு 1913-ம் வருடத்துத் தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. கட்டிட உரிமையாளர் சொன்னார் என்பதற்காக ஆர்க்கிடெக்ட் சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தார். அப்படி வளைந்து கொடுத்தவரின் சான்றிதழ் இறுதியானது அல்ல என்று சொல்லிவிட்டார்கள்.

நம் நாட்டில் இதைவிட முக்கியமான இன்னொரு சண்டை இருந்தது. கையெழுத்தே ஆகாத வேலைக்குப் பணம் உண்டா? நகராட்சிச் சட்டங்கள் ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், உரியவர் கையெழுத்திட வேண்டும் என்று கறாராகச் சொல்பவை. ஆனால் நடப்பில் என்ன நடக்கும்? "அப்படியே அந்த முக்கு வரைக்கும் போட்டுடுங்க, எஸ்டிமேட் அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அவரும் போட்டுவிடுவார். அதிகாரி மாற்றலாகிப் போனபின் புது அதிகாரி ஃபைலைப் புரட்டிவிட்டு "இது ஃபைலில் இல்லையே" என்பார்.

இதற்கு மருந்து 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவில் இருக்கிறது. பி.காம். படித்தவர்கள் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பார்கள். ஒருவர் இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல், சட்டப்படி ஒரு காரியத்தை இன்னொருவருக்காகச் செய்து, அந்த இன்னொருவர் பலனை அனுபவித்தால் ஈடு கொடுத்தே ஆகவேண்டும். இந்தப் பிரிவை முதலில் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது கான்ட்ராக்டர் அல்ல, அரசாங்கம் என்பதுதான் வேடிக்கை. 1894-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமோதர முதலியார் வழக்கு. ஜமீன் கிராமங்களுக்கும் அரசு கிராமங்களுக்கும் சேர்த்துப் பாயும் ஒரு ஏரியை அரசு பழுது பார்த்தது. ஜமீன்தார்கள் பங்கு தரமாட்டோம் என்றார்கள். பலனை அனுபவித்தீர்கள் அல்லவா, கொடுங்கள் என்று தீர்ப்பானது. கண்மாய்களை நம்பியே வாழ்ந்த சேதுபதி சீமைக்காரர்களுக்கு இந்த வழக்கின் நியாயம் விளக்காமலே புரியும்.

அதே கத்தி 1961 டிசம்பரில் அரசுப் பக்கம் திரும்பியது. மேற்கு வங்க அரசு எதிர் பி.கே. மண்டல் வழக்கு. 1944-ல், யுத்த காலம். வங்காளத்தில் ஆராம்பாக் என்ற இடத்தில் சிவில் சப்ளைஸ் துறைக்காக ஒரு நிறுவனம் கிடங்கு கட்டியது, அதற்குப் பணம் வந்தது. பிறகு மண் சாலை, காவலர் அறை, அலுவலகம், சமையலறை என்று வாய்வழியும் கடிதம் வழியும் சொல்லி வேலை வாங்கினார்கள். கானாகுல் என்ற இடத்தில் இன்னும் சில கொட்டகைகள். மொத்த பில் 19,325 ரூபாய். முறைப்படி ஒப்பந்தம் எழுதவில்லை, ஆகவே தரமுடியாது என்றது அரசு. ஒப்பந்தம் செல்லாதுதான் என்று உச்ச நீதிமன்றமும் ஒத்துக்கொண்டது. ஆனால் கட்டிடத்தை ஏற்று உபயோகித்தீர்கள், 70-வது பிரிவில் பணம் கொடுங்கள் என்றது. நியாயம் கிடைத்தது, சரி. 17 வருடம் கழித்து! பெரிய கம்பெனி தாங்கும். மனைவி நகையை அடகு வைத்து ஈ.எம்.டி. கட்டிய சின்ன கான்ட்ராக்டர் தாங்குவாரா?

கோர்ட்டுக்குப் போனால் இழுக்கும் என்றுதான் மத்தியஸ்தம் வந்தது. 1940-ல் அதற்குத் தனிச் சட்டம். சென்னை மாகாணத்துப் பொதுப்பணித்துறையின் பொது நிபந்தனைகளில் வேறு வட்டத்தின் கண்காணிப்புப் பொறியாளர் மத்தியஸ்தராக இருப்பார் என்ற ஏற்பாடு இருந்தது. வட்டம் வேறு, துறை ஒன்று. மாமியார் வழக்குக்கு நாத்தனார் பஞ்சாயத்து மாதிரி. அதிலும் அவர் தீர்ப்பு சொன்னபின் தோற்றவர் கோர்ட்டுக்குப் போவார், கடைசியில் இரண்டு செலவு. இந்த நிலையை உச்ச நீதிமன்றமே 1981-ல் குருநானக் ஃபவுண்டேஷன் வழக்கில் கடுமையாகக் கண்டித்தது.

1987-ல் வந்த ஒரு தீர்ப்பின் பெயர் ராமேஸ்வரா ரைஸ் மில்ஸ். நம்ம ஊர் என்று நினைக்கவேண்டாம், அது கர்நாடகாவின் தீர்த்தஹள்ளி. ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டத்தை அதிகாரியே கணக்கிடலாம் என்று எழுதியிருந்தார்கள். கணக்கிடலாம், ஆனால் மீறினாரா இல்லையா என்பதே தகராறாக இருக்கும்போது அதை அதிகாரி முடிவு செய்யமுடியாது என்றது உச்ச நீதிமன்றம். ஒரு கட்சிக்காரர் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாதாம். மிகச் சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும் எல்லாமே இதில்தான் இருக்கிறது.

அதன் பிறகு 1996-ல் புதுச் சட்டம். 2015 திருத்தத்தில் ஒரு தரப்பின் ஊழியரே மத்தியஸ்தர் ஆவதற்குத் தடை. 2024 நவம்பர் 8-ல் அரசியல் சாசன அமர்வு இன்னும் ஒரு படி போனது. பொதுத்துறை ஒப்பந்தங்களில் ஒரு தரப்பே தனி மத்தியஸ்தரை நியமிக்கும் ஷரத்து சமத்துவத்துக்கு விரோதம் என்றது. ஆனால் அதே வருடம் ஜூன் 3-ல் மத்திய நிதி அமைச்சகம் தன் ஒப்பந்தங்களில் மத்தியஸ்த ஷரத்தைத் தானாகச் சேர்க்கவேண்டாம், பொதுவாக 10 கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்துங்கள் என்று வழிகாட்டியது. நடுவர் நடுநிலை ஆகவேண்டும் என்று சட்டம் வந்து சேர்ந்த நேரத்தில், நடுவரே வேண்டாம் என்கிறது கஜானா!

இத்தனைக்கும் நடுநிலையான ஒரு கண் பாம்பனிலேயே இருந்தது. ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். புதிய பாம்பன் பாலத்தை 2024 நவம்பரில் சோதித்துவிட்டு வடிவமைப்பு முறை, அரிப்பு உட்படப் பல குறைகளை எழுதினார். ரயில்வே பதில் சொல்லவேண்டி வந்தது, ஐந்து பேர் குழு போடவேண்டி வந்தது. தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டர், மற்ற இடத்தில் 75 என்று வேகமும் நிர்ணயமானது. 2025 ஏப்ரல் 6-ல் பாலம் திறக்கப்பட்டது. நகராட்சியில் சாக்கடை கட்டினால் எம்-புக்கில் அளவு எழுதுவதும், குறை சொல்வதும், பில்லை நிறுத்துவதும் ஒரே அலுவலகம். உள்ளாட்சி நிதித் தணிக்கை உண்டுதான். அது வந்து பார்ப்பது கணக்கை.