உடவளவைச் சர்ப்பன்டைனும் சப்பிரகமுவையின் பழைய புவித்தகட்டு எல்லையும்

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் இலங்கையின் இரு பெரும் பழம்பாறைத் தொகுதிகள் சந்திக்கின்றன. பலாங்கொடை, இறக்குவானைத் தோட்டங்களின் தேயிலையும் றப்பரும் உயர்நிலத் தொகுதியின் மேல் நிற்கின்றன. எம்பிலிப்பிட்டியவுக்குக் கிழக்கே விஜயன் தொகுதி தொடங்குகிறது. நிலவியலாளர்கள் டி. முனசிங்கவும் சி. பி. திசாநாயக்கவும் 1979இல் இந்த எல்லை ஒரு கனிமப் பட்டையாக இருக்கக்கூடுமா என்று கேட்டார்கள். 1982இல் இலங்கையின் நிலவியல் வளர்ச்சி முழுவதற்கும் ஒரு புவித்தகட்டு மாதிரியை முன்வைத்தார்கள். சேருவிலவில் 1971இல் கண்டறியப்பட்ட செம்பும் மக்னற்றைற்றும் கலந்த படிவு அதே எல்லையை ஒட்டி இருந்தது அவர்கள் வாசிப்புக்கு வலுச் சேர்த்தது. இங்கே இரண்டு நிலத்துண்டுகள் மோதின என்பதில் அவர்களோடு எனக்கு வேறுபாடில்லை. இன்று வரைபடத்தில் தெரியும் கோட்டையே மோதிய இடமாகக் கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

அவ்வாறு கொள்வதற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று, உடவளவைக்கு அருகே கினிகல்பெலெஸ்ஸவிலுள்ள சர்ப்பன்டைன் பாறை. நிக்கலும் மக்னீசியமும் மிகுந்து கல்சியம் குறைந்த அதன் மண்ணில் மரங்கள் ஓங்குவதில்லை. சுற்றிலும் காடு இருக்க, நடுவே குட்டைப் புல்வெளியாகக் கிடக்கிறது. கடலோரத்து உஸ்ஸங்கொடையிலும் இதே பாறை உண்டு. ஒரு புவித்தகடு இன்னொன்றின் கீழ் அமிழ்ந்து இடைக்கடல் மூடும்போது கடற்தரையின் துணுக்குகள் மேலே சிக்கிக்கொள்வதுண்டு. ஆகவே இவை மறைந்த கடலின் எச்சங்கள் என்பது வாதம். ஆனால் சர்ப்பன்டைன் 650 பாகை செல்சியசை ஒட்டியே சிதைந்துவிடும் கனிமம். உயர்நிலப் பாறைகளோ மோதலின்போது 800 பாகைக்கு மேல் வெந்தவை. அப்படியானால் கினிகல்பெலெஸ்ஸவின் சர்ப்பன்டைன், வெப்பம் தணிந்த பின் நீர் புகுந்து உண்டானதாகவே இருக்க வேண்டும். அதன் தாய்ப்பாறை கடற்தரையிலிருந்து வந்திருக்கலாம். புவியின் மூடகத்திலிருந்து பிற்காலத்தில் நேரே பெயர்ந்தும் வந்திருக்கலாம். இதில் எதையும் சர்ப்பன்டைனை மட்டும் வைத்துத் தீர்மானிக்க இயலாது.

இதைவிட வலுவான மறுப்பு கதிர்காமத்தில் இருக்கிறது. அங்கும் புத்தளவிலும், விஜயன் பாறைகளுக்கு நடுவே, எல்லைக்குக் கிழக்கே வெகுதூரத்தில், உயர்நிலப் பாறைகள் தீவுகளைப் போல் தனித்துக் கிடக்கின்றன. உயர்நிலத் தொகுதி தாழ்சரிவான உந்துபிளவு வழியே விஜயனின் மேல் ஏறிக் கிழக்கே பரந்திருந்தால்தான் இது பொருந்தும். அரிப்பு அந்தப் போர்வையைத் தின்றுகொண்டே வந்து இன்று நிற்கும் விளிம்பையே நாம் எல்லை என்கிறோம். உண்மையான தையல், அதாவது இரு நிலங்களும் ஒட்டிய இடம், அந்தப் போர்வைக்குக் கீழே, இறக்குவானை மலைகளின் பக்கமாகக்கூட இருக்கலாம்.

இரு பக்கத்துப் பாறைகளின் நியோடிமியம் வயதுகள் இவ்வளவு வேறுபடுவது கோடே எல்லை என்பதற்குச் சான்றல்லவா என்று கேட்கலாம். உயர்நிலத்தின் மூலப்பொருள் 200 முதல் 340 கோடி ஆண்டுப் பழமை காட்டுகிறது. விஜயனுடையது அதைவிட இளையது. ஆனால் வயது வேறுபாடு இவை இரு வேறு நிலங்கள் என்பதைத்தான் நிறுவுகிறது, அவை எங்கே ஒட்டின என்பதை அன்று. எப்போது ஒட்டின என்பதிலும் இழுபறி உண்டு. வெப்பத்தால் பாறைகள் அடைந்த உச்ச உருமாற்றம் ஏறத்தாழ 61 முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. உயர்நிலம் விஜயனின் மேலேறியது அந்த வெப்பத்தின் நடுவிலா, இறுதியிலா என்பது தீரவில்லை. எல்லையோரப் பாறைகள் அடர்ந்த தகடுகளாக இழுபட்டிருப்பதை வைத்து, இறுதிப் பகுதி என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்த இழுபடலின் வயது நேரடியாக அளக்கப்படும்வரை இது ஒரு சாய்வு மட்டுமே.