நவம்பர் 1: எல்லை நாளும் பெயர் நாளும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரே தேதியில் வெவ்வேறு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை வரிசைப்படுத்தித் தருவது வெகுமக்கள் வரலாற்றெழுத்தில் பரவலான வழக்கம். தற்செயலாக ஒரே நாளில் அமைந்தவை எவை, காரணத் தொடர்பால் ஒரே நாளில் அமைந்தவை எவை என்னும் வேறுபாட்டை அத்தகைய வரிசைகள் காட்டுவதில்லை. இந்திய வரலாற்றில் நவம்பர் 1ஆம் நாள் நிகழ்ந்த ஆட்சி மாற்றங்களை ஒப்பிட்டு, அந்நாள் அண்டை மாநிலங்களில் விழா நாளாகவும் தமிழ்நாட்டில் விவாத நாளாகவும் அமைந்ததன் காரணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மொழிவழி மாநிலம், மாநில மறுசீரமைப்பு, எல்லைப் போராட்டம், பெயர் மாற்றம், நினைவு நாள்.

முன்னுரை

ஒரு நிகழ்வு நடந்த நாள் வேறு. அந்நிகழ்வை ஒரு சமூகம் நினைவுகூரத் தேர்ந்துகொள்ளும் நாள் வேறு. முன்னது ஆவணத்தால் உறுதிப்படுவது. பின்னது விருப்பத்தாலும் அரசியல் தேவையாலும் உருவாவது. இவ்விரண்டும் ஒன்றாக அமையும்போது விழா எழுகிறது. விலகி நிற்கும்போது விவாதம் எழுகிறது. தென்னிந்தியாவின் இன்றைய வரைபடம் பெருமளவு உருவான நவம்பர் 1 இவ்விரு நிலைகளுக்கும் சான்றாக விளங்குகிறது.

1858: மேலிருந்து வந்த அறிவிப்பு

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைத் தொடர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி 1858ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானிய முடியாட்சிக்கு மாற்றப்பட்டது. அம்மாற்றத்தை அறிவிக்கும் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் 1858 நவம்பர் 1 அன்று அலகாபாத்தில் கானிங் பிரபுவால் வாசிக்கப்பட்டது. ஆளப்படுவோரின் கருத்து கேட்கப்படாமல், ஆள்வோர் மாறிய செய்தி மட்டும் அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் நிலப்பகுதிகளைச் சேர்த்து வைத்திருந்த சென்னை மாகாணம் அம்மாற்றத்திற்குப் பின்னும் அவ்வாறே தொடர்ந்தது. மாகாண எல்லைகள் மக்களின் மொழியைக் கருதாமல், போர்களாலும் உடன்படிக்கைகளாலும் அமைந்தவை.

1954: புதுச்சேரியின் கைமாற்றம்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம் ஆகிய பகுதிகளின் எதிர்காலம் குறித்து 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடைபெற்றது. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும், 1956இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. நிர்வாகம் மாறிய நாளுக்கும் சட்ட உரிமை மாறிய நாளுக்கும் இடையே ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உள்ளன. இவ்விரு நாள்களில் எதனை விடுதலை நாளாகக் கொள்வது என்னும் வினா புதுச்சேரியில் நெடுங்காலம் நிலவியது.

1956: ஒரு சட்டம், பல மாநிலங்கள்

காங்கிரஸ் பேரியக்கம் 1920ஆம் ஆண்டு நாகபுரி மாநாட்டிலேயே தன் மாகாணக் குழுக்களை மொழி அடிப்படையில் அமைத்துக்கொள்ள முடிவு செய்தது. ஆயினும் விடுதலைக்குப் பின், பிரிவினையின் கசப்பு நீங்காத சூழலில், மொழிவழி மாநிலங்களை அமைக்க ஒன்றிய அரசு தயங்கியது. பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாநோன்பிருந்து 1952 டிசம்பர் 15 அன்று சென்னையில் உயிர்நீத்த பின்னரே, 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் அமைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பசல் அலி தலைமையில், எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோரை உறுப்பினர்களாகக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1955 செப்டம்பரில் ஆணையம் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்று இந்தியா 14 மாநிலங்களையும் 6 ஒன்றியப் பகுதிகளையும் கொண்டதாயிற்று.

அதே நாளில் கேரளம் உருவானது. ஐதராபாத் மாநிலத்தின் தெலங்கானாப் பகுதி ஆந்திரத்துடன் இணைந்து ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. கன்னடம் பேசும் பகுதிகள் மைசூர் மாநிலத்தில் ஒருங்கிணைந்தன. இவை ஒரே சட்டத்தின் விளைவுகளாதலின், இவை ஒரே நாளில் அமைந்தது தற்செயல் அன்று. 1858, 1954 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் 1 நிகழ்வுகளுடன் இவற்றுக்குத் தேதி ஒற்றுமை மட்டுமே உண்டு. ஒரே நாள் என்பதனாலேயே இம்மூன்றையும் ஒரு தொடராகக் கொள்வது பொருந்தாது.

சென்னை மாநிலம் பெற்றதும் இழந்ததும்

அண்டை மாநிலங்கள் அன்று ஒன்றிணைந்து விரிந்தன. சென்னை மாநிலமோ பிற மொழிப் பகுதிகள் பிரிந்துபோக எஞ்சிய நிலமாக அமைந்தது. மலபார் மாவட்டம் கேரளத்துக்குச் சென்றது. தென்கன்னட மாவட்டம் மைசூருக்குச் சென்றது. அதன் காசர்கோடு வட்டம் மட்டும் கேரளத்துடன் இணைந்தது. கோவை மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டமும் மைசூருக்குரியதாயிற்று.

தெற்கே சேர்ந்த நிலம் போராட்டத்தால் கிடைத்தது. மார்ஷல் நேசமணியின் தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய இயக்கம், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நிகழ்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களை இழந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு ஆகியன கோரப்பட்டும் கிடைக்கவில்லை.

தேவிகுளம், பீர்மேடு குறித்த முடிவு தனிக் கவனத்திற்குரியது. அங்கு வாழ்ந்த தமிழருள் பெரும்பகுதியினர் தோட்டத் தொழிலாளர். அவர்கள் நிலையாகத் தங்காமல் வந்து செல்வோர் என்னும் கருத்து ஆணையத்தின் முடிவில் இடம்பெற்றது. தலைமுறைகளாக உழைத்த மக்கள், உழைப்பின் தன்மையாலேயே மண்ணுக்கு உரியவராக எண்ணப்படவில்லை. மொழி எல்லைக்கு அளவுகோல் எனக் கொண்ட மறுசீரமைப்பில், மொழி பேசுவோரின் வர்க்க நிலையும் ஓர் அளவுகோலாகச் செயல்பட்டதை இது காட்டுகிறது.

வடக்கு எல்லையோ அன்று முடிவாகவே இல்லை. ம.பொ. சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரையின் வழியே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆகவே 1956 நவம்பர் 1 தமிழக எல்லைகள் முற்றுப்பெற்ற நாளும் அன்று.

பெயர் பெறாத மாநிலம்

மாநிலத்துக்குத் ‘தமிழ்நாடு’ எனப் பெயரிடுதல் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்து விருதுநகரில் 1956 ஜூலை 27 அன்று சங்கரலிங்கனார் உண்ணாநோன்பைத் தொடங்கினார். அக்டோபர் 13 அன்று அவர் உயிர்நீத்தார். அதிலிருந்து 19ஆம் நாளில் மொழிவழி மாநிலம் நடைமுறைக்கு வந்தது; அதன் பெயர் சென்னை மாநிலம் என்றே இருந்தது. ஸ்ரீராமுலுவின் மறைவுக்குப் பின் பத்துத் திங்களுக்குள் ஆந்திரம் அமைந்ததையும், சங்கரலிங்கனாரின் கோரிக்கை பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னரே சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றதையும் ஒப்புநோக்கலாம். அண்ணாவின் ஆட்சியில் 1967 ஜூலை 18 அன்று பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது.

மைசூர் மாநிலமும் பழைய பெயருடனேயே தொடர்ந்தது. ஆனால் 1973இல் கர்நாடகம் எனப் பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்த நாளும் நவம்பர் 1 ஆகும். இதனால் கன்னட மக்களுக்கு நில நாளும் பெயர் நாளும் ஒன்றாயின. தமிழ்நாட்டில் அவை இரண்டாகவே நின்றன.

நினைவு நாள் தேர்வு

2019இல் தமிழ்நாடு அரசு நவம்பர் 1ஐத் தமிழ்நாடு நாளாக அறிவித்தது. 2021இல் அது ஜூலை 18 என மாற்றப்பட்டது. நவம்பர் 1 எல்லைப் போராட்டத்தையே நினைவூட்டும் என்பது மாற்றத்துக்குக் கூறப்பட்ட காரணம். இதனைக் கட்சி வேறுபாடாக மட்டும் காண்பது போதாது. நிலத்தை முதன்மையாகக் கொள்வோர்க்கு நவம்பர் 1 உரியது. தன்னடையாளத்தை முதன்மையாகக் கொள்வோர்க்கு ஜூலை 18 உரியது. இரு தரப்பினர்க்கும் ஆவணச் சான்று உண்டு. ஆந்திரப் பிரதேசத்தின் வரலாறும் இங்கு எண்ணத்தக்கது. 1956இல் இணைந்த தெலங்கானா 2014 ஜூன் 2 அன்று தனி மாநிலமாயிற்று. ஒரு தலைமுறை விழாவாகக் கொண்ட இணைப்பைப் பின்வந்த தலைமுறை மறுக்கவும் கூடும் என்பதற்கு அது சான்று.

முடிவுரை

ஒரு தேதியின் கீழ் நிகழ்வுகளை அடுக்குவதால் மட்டும் வரலாற்று விளக்கம் கிடைத்துவிடாது. அவற்றுள் ஒரே காரணத்தால் இணைந்தவற்றையும் தேதியால் மட்டும் இணைந்தவற்றையும் பிரித்தறிதல் முதற்பணி. நினைவுகூரல் எதனை ஏற்று எதனை விடுகிறது எனக் காணல் அடுத்த பணி. அவ்வகையில் 1956 நவம்பர் 1, தமிழகத்துக்குக் குமரி கிடைத்த நாள். தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்காத நாள். பெயர் கேட்டவர் மறைந்தும் பெயர் கிடைக்காத நாள். கொண்டாட்டம் எந்நாளுக்கு உரியதாயினும், எல்லைக்காக உயிர்நீத்தோரின் வரலாறும், எல்லைக்கு அப்பால் நின்றுவிட்ட தோட்டத் தொழிலாளரின் வரலாறும் நவம்பர் 1ஐச் சார்ந்தே எழுதப்பட வேண்டியவை.