சக்கரத்தின் சுற்றும் மைலின் கணக்கும்

மாணவர்களே, ஓடும் மோட்டார் வண்டியில் வேகமானியின் முள் 40 என்று காட்டினால் நாம் அதனை ஐயுறுவதில்லை. ஆனால் பழைய வண்டிகளில் அம்முள் சாலையை அறியாது. ஒரு கம்பி வடம் எத்தனை விரைவாகச் சுழல்கிறது என்பதொன்றே அதற்குத் தெரியும். அச்சுழற்சியை மைற்கணக்குக்கு இசைவிப்பவை, வண்டியின் அடியில் எண்ணெயில் நனைந்து கிடக்கும் இரண்டு சிறு பற்சக்கரங்கள். அவை பொருந்தாவிடின் முள் பொய் சொல்லும். ஓட்டுபவரோ அப்பொய்யை நம்பியே வண்டியைச் செலுத்துவார்.

இக்கணக்கு மிகப் பழமையானது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியக் கட்டடக்கலை அறிஞர் விட்ருவியஸ், தூரத்தை அளக்கும் வண்டி ஒன்றனைத் தம் நூலில் விவரிக்கிறார். அதன் சக்கரம் 4 அடி விட்டமுடையது. ஒரு சுற்றுக்கு பன்னிரண்டரை அடி செல்லும் என்பது அவர் கணக்கு. சக்கரம் ஒரு முறை சுற்றினால் 400 பற்களையுடைய உருளை ஒரு பல் நகரும். 400 சுற்று முடிந்தால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போது ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'ணங்' என்று விழும். பயண முடிவில் கற்களை எண்ணினால் மைல் தெரிந்துவிடும். கணக்கில் கெட்டிக்காரர்கள் இங்கே ஒரு குறையைக் கண்டிருப்பீர்கள். 4 அடி விட்டத்துக்குச் சுற்றளவு பன்னிரண்டரை அடிக்குச் சற்று மிகுதி. ஆகவே கல்லொன்று விழுமுன் வண்டி சுமார் 26 அடி கூடுதலாக ஓடியிருக்கும். சக்கர அளவில் நேரும் சிறு பிழை மைல்தோறும் பெருகும் என்பதற்கு இதுவே முதற்சான்று.

மோட்டார் வண்டி பிறந்தபின் தூரத்தினும் வேகமே பெருங்கவலையாயிற்று. இங்கிலாந்தில் 1903ஆம் ஆண்டுச் சட்டம் மணிக்கு 20 மைலை வரம்பாக விதித்தது. காவலர் நிறுத்து கடிகாரத்துடன் சாலையோரம் மறைந்து நின்று வழக்குத் தொடுத்தனர். தம் வேகத்தைத் தாமே அறியும் கருவி ஓட்டுநருக்கு இன்றியமையாததாயிற்று. அதற்கு ஓராண்டு முன்னரே, 1902இல், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்து ஓட்டோ ஷூல்ட்சே என்பவர் ஒரு வேகமானிக்கு பெர்லினில் காப்புரிமை பெற்றிருந்தார். சுழலும் செப்புத்தகடு காந்த ஊசியை இழுக்கும் என்பதை 1824இல் பிரெஞ்சு அறிஞர் அராகோ கண்டறிந்தார். அதனையே மறுதலையாகப் பயன்படுத்தியது புதுக் கருவி. வடம் காந்தத்தைச் சுழற்றும். காந்தம் தன்னைத் தொடாத உலோகக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதனைத் தடுத்து நிறுத்தும். கிண்ணத்தோடு இணைந்த முள்ளே வேகத்தைக் காட்டும்.

தொடக்கத்தில் வடத்தைச் சுழற்றும் பற்சக்கரம் முன்சக்கரத்தின் குடத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. அப்போது டயரின் அளவு ஒன்றை அறிந்தாற் போதும். ஆனால் சேறும் கல்லும் படும் இடமாதலின், அதனைக் கியர் பெட்டியின் பின்முனைக்குப் பிற்காலத்தில் மாற்றினர். சேறு தொலைந்தது, கணக்குச் சிக்கலாயிற்று! கியர் பெட்டியிலிருந்து செல்லும் தண்டு பலமுறை சுழன்றால்தான் பின்சக்கரம் ஒருமுறை சுழலும். இதுவே பின் அச்சு விகிதம். 3.50 என்றால் தண்டுக்கு மூன்றரைச் சுற்று, சக்கரத்துக்கு ஒரு சுற்று.

1964இல் வெளிவந்த ஃபோர்டு மஸ்டாங் வண்டியைப் பாருங்கள். ஒரே வண்டி, ஆனால் வாங்குவோர் விருப்பப்படி அச்சு விகிதம் 3.00 ஆகவும் இருக்கலாம், 3.50 ஆகவும் இருக்கலாம். சக்கரமும் 13 அங்குலம், 14 அங்குலம் என வேறுபடும். அமெரிக்க வேகமானிகளோ பெரும்பாலும் வடம் மைலுக்கு 1,000 முறை சுழலும் என்றே அமைக்கப்பட்டவை. எனவே மாற்றத்தையெல்லாம் பற்சக்கரமே தாங்க வேண்டும். 26 அங்குல விட்டமுள்ள டயர் ஒரு மைலுக்குச் சுமார் 776 முறை சுழலும். விகிதம் 3.50 எனில் தண்டு 2,716 முறை சுழலும். தண்டின்மேல் 7 பல் உள்ள சக்கரம் இருந்தால், அதனோடு கூடும் சக்கரத்துக்கு 19 பல் வேண்டும். விகிதம் 3.00 எனில் 16.3 பல். பல்லைப் பின்னமாக வெட்ட இயலாதே! ஆகவே 16 வைத்து, முள் நூற்றுக்கு இரண்டு கூட்டிக் காட்டுவதைப் பொறுத்துக்கொள்வர்.

இனி, 3.00 விகித வண்டிக்கு 3.50 அச்சை மாட்டி, 16 பல் சக்கரத்தை மாற்ற ஒருவர் மறந்தார் என்க. வடம் மைலுக்கு 1,188 முறை சுழலும். வண்டி 50 மைல் வேகத்தில் செல்கையில் முள் 59ஐத் தாண்டும். 10,000 மைல் ஓடிய வண்டியைத் தூரமானி 11,880 மைல் ஓடியதாகக் கூறும். விற்கும்போது உடையவர்க்கு நட்டம். இதற்கு நேர்மாறான பிழையே அஞ்சத்தக்கது. அழகுக்காக 26 அங்குல டயரை நீக்கி 28 அங்குல டயர் மாட்டினால், 60 மைல் வேகம் 56 என்று தோன்றும். அடக்கமாகச் செல்வதாக எண்ணியே ஒருவர் வளைவில் விரைந்து நுழைவார்.

ஆங்கிலேயர் வழி வேறு. ஸ்மித்ஸ் நிறுவனத்து வேகமானிகளின் முகப்பில் மைலுக்கு வடம் எத்தனை சுற்று என்ற எண்ணையே சிறிதாக அச்சிட்டனர். வண்டிக்கு ஏற்ற கருவியைத் தேர்ந்துகொள்வது அவர் முறை. எண்ணை எழுதிவைத்த அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பழைய வண்டியைப் புதுப்பிப்போர் அவ்வெண்ணைப் பாராமல் வேறொரு வண்டியின் கருவியைப் பொருத்திவிட்டுப் பின்னர் வருந்துவதும் உண்டு.

பிழை எங்குள்ளது என்று அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மைற்கற்கள் நாட்டிய சாலையில் 10 மைல் ஓட்டித் தூரமானியைப் பாருங்கள். தூரமானி பற்சக்கரங்களால் மட்டுமே இயங்குவது; காந்தத்துக்கு அதில் வேலையில்லை. தூரம் சரியாயிருந்து வேகம் மட்டும் தவறினால் காந்தம் வலுவிழந்தது, அல்லது சுருள்வில் தளர்ந்தது. இரண்டும் ஒரே அளவில் தவறினால் டயரையும் அச்சையும் பற்சக்கரத்தையும் ஆராய வேண்டும். டயரை அளக்கும்போது அட்டவணையை நம்பாதீர்கள். வண்டியின் பாரத்தில் டயர் சற்றே அமுங்கும். பள்ளியில் மிதிவண்டியைக் கொண்டு நான் செய்வித்தது போல், டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, வண்டியைப் பத்துச் சுற்று மெல்லத் தள்ளி, தரையில் நாடா பிடித்து அளந்துகொள்ளுங்கள்.