கழுவுதொட்டியாகிப் போன ஞானஸ்நானத் தொட்டி

கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானத் தொட்டியைப் பற்றிச் சமணனான நான் ஏன் எழுத வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். வட ஆற்காட்டுப் பக்கம் வயல் வரப்புகளில் மழையிலும் வெயிலிலும் கிடக்கும் தீர்த்தங்கரர் கற்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோவிலுக்கு வெளியே போய்விட்ட கல்லுக்கு என்ன கதி நேரும் என்பது எங்களுக்குப் பழக்கமான விஷயம். இங்கிலாந்திலும் அப்படி ஒரு கல் உண்டு என்று படித்தபோது அதைச் சும்மா விட மனம் வரவில்லை.

அந்த ஊருக்கு டீர்ஹர்ஸ்ட் என்று பெயர். க்ளோஸ்டர்ஷயரில், டியூக்ஸ்பரி நகருக்குப் பக்கத்தில், செவர்ன் ஆற்றோரம் இருக்கும் சிற்றூர். அங்குள்ள புனித மரியாள் கோவில் முதலில் மடமாக இருந்தது; பிற்பாடு ஊர்க் கோவிலாயிற்று. 804ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இந்த மடத்தைப் பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தது 1066இல்தான் என்பதை நினைத்துக்கொண்டால் அதன் பழமை விளங்கும். கோவிலில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டி 9ஆம் நூற்றாண்டு வேலை என்பது அறிஞர் பலர் கருத்து. உருளை வடிவக் கல். உடம்பு முழுக்கச் சுருள் சுருளாகப் பின்னிய கோலம், விளிம்பில் திராட்சைக் கொடி. அதைத் தாங்கும் கல் தண்டிலும் அதே மாதிரிச் சுருள்கள். அந்தக் காலத்துத் தொட்டிகளில் மிஞ்சியவை மிகச் சில. அவற்றில் இவ்வளவு அலங்காரம் உள்ளது இதுதான் என்று சொல்வார்கள்.

இப்போது பாதிரியார் குழந்தையின் தலையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுவதோடு முடித்துவிடுகிறார். அன்று குழந்தையை அப்படியே தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். அதனால்தான் பழைய தொட்டிகள் நம் வீட்டு அண்டா அளவுக்கு இருக்கின்றன. கல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால் உள்ளே ஈயத் தகடு அடிப்பார்கள். மந்திரித்த நீர் கண்ட இடத்தில் கொட்டப்படாமல் நேரே மண்ணுக்குள் போக அடியில் ஒரு துளையும் உண்டு. தொட்டியை வாசலுக்கு அருகே வைப்பது வழக்கம். ஞானஸ்நானம்தான் சபைக்குள் நுழையும் வழி என்பது அதன் பொருள்.

அந்தத் தண்ணீர் அடிக்கடி மாற்றப்படாமல் நாட்கணக்கில் நிற்கும். அதைத் திருடிக்கொண்டுபோய்ச் சூனியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற பயம் எழுந்தது. 1236 வாக்கில் கேண்டர்பரிப் பேராயர் எட்மண்ட், தொட்டிகளை மூடிப் பூட்டி வைக்க வேண்டும் என்று விதி செய்தார். இன்றைக்கும் பல பழைய தொட்டிகளின் விளிம்பில், பூட்டுக்கு அடித்த இரும்பைப் பெயர்த்தெடுத்த காயம் தெரியும்.

இதில் வரும்படி விஷயமும் உண்டு. ஒரு வியாபாரியின் கண்ணுக்கு இதுதான் முதலில் படும்! தொட்டி வைத்துக்கொள்ளும் உரிமை எல்லாக் கோவிலுக்கும் கிடையாது. சின்னக் கோவில்காரர்கள் குழந்தையைத் தாய்க்கோவிலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அங்கேதான் காணிக்கை சேரும். ஆகவே தொட்டி இருக்கிற ஊர் என்றால் அது தனி அந்தஸ்து உள்ள ஊர். ஈயத்திலேயே வார்த்த தொட்டிகளும் உண்டு. இதே க்ளோஸ்டர்ஷயரில் ஆறு கோவில்களுக்கு 12ஆம் நூற்றாண்டில் ஒரே அச்சில் வார்த்த ஈயத் தொட்டிகள் கிடைத்திருக்கின்றன. யாரோ கெட்டிக்காரப் பட்டறைக்காரர் மொத்தமாக ஆர்டர் பிடித்திருக்கிறார். லான்காட் என்ற ஊரில் கோவிலே பாழாகிவிட்டது. அதன் தொட்டி மட்டும் இன்று க்ளோஸ்டர் பெரிய தேவாலயத்தில் பத்திரமாக இருக்கிறது.

சமயச் சீர்திருத்தம் வந்த பிறகு தொட்டிக்குக் கஷ்டகாலம். கல் தொட்டி, மந்திரித்த நீர், வாசலோரச் சடங்கு எல்லாம் ரோமாபுரியின் மூடநம்பிக்கை என்றார்கள் பியூரிட்டன்கள். அவர்களுக்கு ஒரு சாதாரணப் பேசின் போதும். 1561இல் எலிசபெத் ராணியின் அரசு, தொட்டியை இடம் மாற்றக் கூடாது, பேசினில் ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அப்படித் தடுக்க வேண்டியிருந்தது என்றாலே ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்? 1604இன் சபைச் சட்டமும் ஒவ்வொரு கோவிலிலும் கல் தொட்டி பழைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்றது. உள்நாட்டுப் போர் சமயத்தில், 1645இல், பாராளுமன்றம் இதைத் தலைகீழாக்கியது. பழைய தொட்டி இருக்கும் இடத்தில் ஞானஸ்நானம் கூடாது, சபையார் கண்முன்னே கொடுக்க வேண்டும் என்று புதிய வழிபாட்டு முறை வந்தது. தொட்டிகள் பல வெளியேறின. குதிரைக்குத் தண்ணீர் காட்ட, மழைநீர் பிடிக்க, பூச்செடி வைக்க என்று ஆளுக்கொரு விதமாகப் பயன்படுத்தினார்கள். அடியில் துளையோடு ஒரு நல்ல கல் தொட்டி கிடைத்தால் குடியானவர் விடுவாரா!

டீர்ஹர்ஸ்டில் பியூரிட்டன் காற்று பலமாகவே வீசியிருக்கிறது. பலிபீடம் என்று தனியே உயர்த்தி வைக்காமல், நடுவில் ஒரு மேசை, அதைச் சுற்றி மக்கள் உட்கார இருக்கைகள் என்று 17ஆம் நூற்றாண்டில் செய்த ஏற்பாடு அந்தக் கோவிலில் இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தில் இப்படி மிஞ்சியவை அபூர்வம்.

1660இல் அரசர் திரும்பினார், தொட்டிகளும் திரும்பின. பழையது கிடைக்காத ஊர்களில் புதிதாகச் செய்து ஆண்டையும் வெட்டி வைத்தார்கள். 1662இன் பிரார்த்தனைப் புத்தகத்தில், வயது வந்தவர்களுக்கான ஞானஸ்நான முறை புதிதாகச் சேர்ந்தது. கடல்கடந்த குடியேற்றங்களில் உள்ள சுதேசிகளுக்கும் இது உதவும் என்று அதன் முன்னுரையே சொல்கிறது. கல்கத்தாவாசிகளான நமக்கு இங்கே ஒரு சம்பந்தம் உண்டு. ஜாப் சார்னாக்கின் மூன்று பெண்களுக்கும் 1689இல் ஞானஸ்நானம் ஆனது சென்னைக் கோட்டையின் செயின்ட் மேரி கோவிலில். அங்குள்ள தொட்டி பல்லாவரத்துக் கருங்கல். நம்ம செயின்ட் ஜான்ஸ் கோவில் வளாகத்தில் சார்னாக்கின் கல்லறை மேல் இருப்பதும் அதே இனத்துக் கல்தான். அந்தக் கல்லுக்கு சார்னாகைட் என்று பெயர் வந்ததே அந்தக் கல்லறையை வைத்துத்தான்.

இனி டீர்ஹர்ஸ்ட் தொட்டிக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் அது மறுபடி அறிஞர் கண்ணில் பட்டபோது, ஒரு பண்ணை முற்றத்தில் கழுவுதொட்டியாக உழைத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் வருஷத்துச் சுருள் வேலைப்பாடு, உள்ளே அழுக்குத் தண்ணீர்! அங்கிருந்து மீட்டு, பக்கத்து வூஸ்டர்ஷயரில் லாங்டன் என்ற ஊரின் கோவிலில் வைத்தார்கள். தண்டு இல்லாத வெறும் தொட்டி. பிறகு செவர்ன் ஆற்றை ஒட்டிய ஒரு தோட்டத்தில் அதே சுருள்கள் கொண்ட கல் தண்டு ஒன்று கிடைத்தது. அதை அடையாளம் கண்டவர் அந்தப் பக்கத்துப் பெரிய வீட்டு அம்மையார் ஒருவர். இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டியவை என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் லாங்டன்காரர்கள் தங்கள் கோவிலில் இருக்கும் தொட்டியை எப்படிக் கொடுப்பார்கள்? அம்மையார் வெறுங்கையோடு போய்க் கேட்கவில்லை. லாங்டன் கோவிலுக்குப் புதிதாக ஒரு தொட்டி கொடுத்துவிட்டு, பழையதை வாங்கிக்கொண்டார். தண்டின் மேல் தொட்டியை ஏற்றி, டீர்ஹர்ஸ்ட் கோவிலுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தார்கள்.