பெருந்தொடக்கிலிருந்து தொடுதிரை வரை: புத்தளக் கரையோரத்தில் பாலியல் அறிவு பரவிய வழிகள்

கைத்தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது என்ற முறைப்பாடு, மதுரங்குளியை அடுத்த கனமூலை போன்ற முஸ்லிம் ஊர்களில் ஜும்ஆ பிரசங்கத்திலும் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்திலும் ஒரே சுருதியில் ஒலிக்கிறது. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தொலைபேசி வந்து பிடித்துக்கொண்ட இடம் அதுவரை ஏன் வெறுமையாகக் கிடந்தது என்று யாரும் கேட்பதில்லை. பாலியல் பற்றிய அறிவை இக்கரையோரத்தில் யார், யாருக்கு, எந்த நோக்கத்தோடு சொன்னார்கள் என்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பின்சென்று பார்த்தால், பதின்ம வயதினர் எல்லோருடைய கணக்கிலிருந்தும் தவறிப்போனதைக் காணலாம்.

‘நம் முன்னோர் இதையெல்லாம் வாய் திறந்து பேசியதில்லை’ என்ற நம்பிக்கையை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். பேசினார்கள், வெளிப்படையாகவே பேசினார்கள். ஷாபிஈ மத்ஹபின் சட்டநூல்கள் பெரும்பாலும் சுத்தம் பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகின்றன. ஹைழ் (மாதவிடாய்), நிபாஸ் (பிள்ளைப்பேற்று உதிரம்), ஜனாபத் (பெருந்தொடக்கு), கடமையான குளிப்பு எல்லாம் அதில் அடங்கும். மாதவிடாயின் மிகக் குறைந்த அளவு ஓர் இரவும் ஒரு பகலும், கூடியது 15 நாள், வழக்கமானது ஆறு அல்லது ஏழு நாள் என்பது அந்தப் பாடத்தின் கணக்கு. உறக்கத்தில் விந்து வெளிப்பட்ட பையனுக்குப் பெருந்தொடக்கு ஏற்பட்டுவிட்டது, அவன் முழுகாமல் தொழ முடியாது. அவன் பராயமடைந்ததற்கு அதுவே அடையாளமும் ஆகும். அப்படி எந்த அடையாளமும் தோன்றாவிட்டால், சந்திரக் கணக்கில் 15 வயது நிறைந்ததும் ஆணும் பெண்ணும் பராயமடைந்தவராகவே கொள்ளப்படுவர்.

இந்தப் பாடத்தைத் தமிழ் பேசும் முஸ்லிம்களிடம் கொண்டுசேர்த்தவை அறபுத்தமிழ் நூல்கள். கீழக்கரையில் வாழ்ந்து இலங்கைக்கும் பலமுறை வந்துபோன இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) எழுதிய ‘பத்ஹுத் தையான்’ போன்றவை பெண்களும் ஓதி விளங்கும்படி, அறபு எழுத்தில் தமிழ்ப் பேச்சை வைத்தன. உடலில் நிகழ்வதை இன்னதென்று பெயர் சொல்லிக் கற்பித்த மரபு அது. இன்றைய விஞ்ஞான ஆசிரியர் சொல்லத் தயங்கும் பலவற்றை அன்றைய லெப்பை தயங்காமல் சொன்னார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பாடத்துக்கு எல்லையும் இருந்தது. வணக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்துவதே அதன் நோக்கம். நடந்து முடிந்த பின் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லிற்று. அந்த மாற்றம் உடலுக்குள் ஏன் நிகழ்கிறது, இன்னொருவர் தன்னிடம் எல்லை மீறினால் யாரிடம் போவது என்பவை அதன் வரம்புக்கு வெளியே நின்றன. பெண்பிள்ளை ‘பெரியபிள்ளை’ ஆனதும் வீட்டுக்குள் ஒதுங்கி, சில வருடங்களில் கலியாணமும் முடிந்த காலத்தில் அந்தக் குறை பெரிதாக உறுத்தவில்லை. பராயமடைவதற்கும் கலியாணத்துக்கும் இடையே பத்து, பதினைந்து வருடங்கள் விழுந்த பிறகுதான் அது பள்ளமாகத் தெரிந்தது.

அரசின் பக்கம் கதை வேறு விதமாகச் செல்கிறது. தமிழர் ஒருவரை மணந்த கனடிய மருத்துவர் மேரி ரட்ணம், பாடசாலைகளுக்குச் சுகாதாரக் கைந்நூல் எழுதியவர். கொழும்பில் 1937இல் குடும்பக் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றைத் திறந்தவரும் அவரே. பாடசாலையும் கருத்தடையும் ஒரே கையில் இருந்த அபூர்வமான தொடக்கம் அது. பின்னர் இரண்டும் பிரிந்துவிட்டன. 1953இல் குடும்பத் திட்டமிடற் சங்கம் தோன்றியது. 1958இல் சுவீடனுடன் இலங்கை ஓர் உடன்படிக்கை செய்து, பண்டாரகமவில் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. இங்கே சற்று நிற்க வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1955இல், சுவீடன் தன் பாடசாலைகளில் பாலியல் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. தன் பிள்ளைகளுக்கு அந்நாடு வகுப்பறையில் கொடுத்தது இங்கே மணமானவர்களுக்கான சிகிச்சை நிலையமாக மட்டும் வந்து சேர்ந்தது. கேட்டு வாங்கியவர்களும் அவ்வளவுதான் கேட்டார்கள். சனத்தொகைப் பெருக்கம் குறைய வேண்டும் என்பதே அன்றைய கவலை. 1965இல் குடும்பத் திட்டமிடல் அரசின் தாய் சேய் நலச் சேவையோடு இணைந்தது. கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் தேடி வீடு வீடாகப் போன குடும்ப நல உத்தியோகத்தர் இலங்கைச் சுகாதாரத்தின் பெருமை. அதே வீட்டில் கதவோரம் நின்ற 14 வயது மகளுக்கு அவருடைய பதிவேட்டில் இடம் இருக்கவில்லை.

ஊடகம் இந்தக் கதைக்குள் நுழைவதும் அரசும் சங்கமும் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான். 1973இல் குடும்பத் திட்டமிடற் சங்கம் ‘ப்ரீதி’ என்ற ஆணுறையைச் சந்தைக்கு விட்டது. மருந்துக் கடையோடு நில்லாமல் சில்லறைக் கடைக்கும் தேநீர்க் கடைக்கும் அது போயிற்று. வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுபவருக்காகப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளைத்துக் காட்டும் சைகை ஒன்றையும் விளம்பரம் பரப்பியது. சைகை காட்டினால் பொதி கைக்கு வரும். கெட்டிக்காரத்தனமான வியாபாரம், சுகாதாரத்துக்கும் நன்மைதான். ஆனால் விளம்பரத்தைப் பார்த்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அது என்ன பொருள் என்று கேட்டால் ‘உனக்கு எதற்கு’ என்ற பதில்தான் வந்தது. பொருளுக்கு விளம்பரம் உண்டு, விளக்கத்துக்கு ஆள் இல்லை என்ற நிலை அன்று தொடங்கியது.

1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் வந்தன. அதே காலத்தில் வளைகுடாப் பயணம் புத்தளக் கரையோரத்தின் பொருளாதாரத்தையே மாற்றியது. ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த வீடியோ ‘டெக்’கில் வீடுகளில் இந்தியப் படங்கள் ஓடின. பெரியவர்கள் தூங்கிய பின் வேறு கசெட்டுகளும் ஓடின. 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் ஏட்டில் இருந்தது. ஆனாலும் அறைக்குள் ஓடுவதைச் சட்டத்தால் பார்க்க முடியவில்லை.

வளைகுடாவுக்குப் போனவர்களில் தாய்மாரும் ஏராளம். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகும் தாயிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் நடைமுறை 2013இல் வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ளவர் போகக் கூடாது, மூத்த பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் ஒருவரைக் காட்டினால் போகலாம். 2022இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைந்தது. பால்குடிக்குத் தாய் வேண்டும் என்று கண்டுகொண்ட அரசு, பராயமடையும் மகளுக்கும் தாய் வேண்டும் என்று எண்ணவில்லை. அந்த மகளுக்கு உம்மா தொலைபேசித் திரையில்தான் இருக்கிறாள். அதே திரையில்தான் மற்றதெல்லாமும் வருகிறது.

சட்டம் இதற்கிடையே பல படி முன்னே போயிருந்தது. 1995இல் தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, 16 வயதுக்குக் குறைந்த சிறுமியோடு உறவுகொள்வது, அவள் சம்மதித்தாலும், வன்புணர்வுக் குற்றமாயிற்று. அதற்கு முன் அந்த எல்லை 12. முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் மட்டும் 1951இல் இருந்த இடத்திலேயே நின்றது. அதில் குறைந்தபட்ச மணவயது இல்லை, 12க்குக் குறைந்த சிறுமியின் விவாகத்துக்குக் காதியின் அனுமதி வேண்டும் என்பதோடு சரி. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைந்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆயிற்று. மணவயதை உயர்த்தக் கோரிய பெண்களின் குரலில் புத்தளத்துப் பெண்களின் குரல் முன்னணியில் இருந்ததை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் தரம் 10 மாணவன் ஒருவனுக்கு இந்தச் சட்டங்களில் எதையும் யாரும் சொல்லித் தருவதில்லை. காதல் என்று நினைத்து அவன் செய்யும் காரியத்துக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பதைப் பொலிஸ் நிலையத்தில்தான் அறிகிறான்.

பாடசாலையில் பாடம் இல்லையா என்றால், உண்டு. தரம் 6 முதல் ‘சுகாதாரமும் உடற்கல்வியும்’ பாடத்தில் கட்டிளமைப் பருவம் பேசப்படுகிறது. சாதாரண தர விஞ்ஞானத்தில் மனித இனப்பெருக்கம் இடம்பெறுகிறது. சிக்கல் இரண்டு. தரம் 10இலிருந்து சுகாதாரப் பாடம் விருப்பப் பாடமாகிவிடுகிறது. தகவல் தொழில்நுட்பத்தையோ விவசாயத்தையோ தெரிவு செய்தவருக்கு, தேவை கூடும் வயதில் பாடம் நின்றுவிடும். விஞ்ஞானத்திலோ, ‘இதை வீட்டில் வாசித்துக்கொள்ளுங்கள்’ என்று ஆசிரியர் அடுத்த அலகுக்குத் தாவுவது நாடு முழுவதும் பழகிப்போன கதை. கலவன் பாடசாலையில் அந்தத் தாவல் இன்னும் வேகமானது. தரம் 7 மாணவருக்காகத் தயாரான பாலியல் கல்வித் துணைநூல் ‘ஹதே அபே பொத’ 2020இன் தொடக்கத்தில் பௌத்த பிக்குகள் உள்ளிட்டோரின் எதிர்ப்பால் இடைநிறுத்தப்பட்டது. இந்தியாவிலும் 2007இல் மாநிலங்கள் பல கட்டிளமைக் கல்வித் திட்டத்தைத் தடுத்துவைத்தன. இந்த அச்சத்துக்கு ஒரு மதத்தை மட்டும் குற்றம் சொல்வது தவறு.

அந்த நூல் நிறுத்தப்பட்ட அதே ஆண்டு மார்ச்சில், கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வாட்ஸ்அப்பிலும் சூமிலும் வந்தன. ‘குமர்ப்பிள்ளைக்குப் போன் எதற்கு’ என்று கேட்ட வீடுகளே கடன்பட்டுத் தொடுதிரைத் தொலைபேசி வாங்கின. இந்த நூறாண்டுக் கதையில் பெரிய திருப்பம் இதுதான் என்பது என் கணிப்பு. டெக் காலத்தில் பார்ப்பதற்குக் கூட்டமும் களவும் வேண்டியிருந்தன. இப்போது தனிமை போதும். ஆபாசக் காட்சியில் சம்மதம் கேட்கும் கட்டம் வருவதில்லை, கர்ப்பமும் நோயும் வருவதில்லை. வேறு ஆசிரியர் இல்லாத பிள்ளை அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறது. படத்தை அனுப்பச் சொல்லி, பிறகு அதைக் காட்டியே மிரட்டும் கொடுமையும் இதன் மறுபக்கம். 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் குற்றம் நடந்த பின்னரே வரும். மிரட்டப்படும் பிள்ளைக்கு அதற்கு முன்னமே வாய் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

புதிதாகப் பெரிய திட்டம் எதுவும் கேட்கத் தேவையில்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி 2017 முதல் தரம் 6 மாணவியருக்குப் பாடசாலையிலேயே ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. பாலுறவால் பரவும் வைரசுக்கு எதிரான ஊசியை 11 வயதில் போட நம் பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள். எதற்கான ஊசி என்பதைத்தான் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. கனமூலையிலும் அயலூர்களிலும் உள்ள அதிபர்களும் பள்ளிவாசல் பரிபாலன சபையினரும் சுகாதார வைத்திய அதிகாரியோடு ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். முதல் ஊசிக்கும் இரண்டாம் ஊசிக்கும் இடைப்பட்ட ஆறு மாதங்களில், குடும்ப நல உத்தியோகத்தர் மாணவியருக்கும், பயிற்சி பெற்ற ஆண் ஆசிரியர் ஒருவர் மாணவருக்கும் தனித்தனியாகச் சில வகுப்புகள் எடுக்கட்டும். ஹைழையும் ஜனாபத்தையும் ஓதிக் கொடுக்கும் உஸ்தாதும் அதில் பங்கெடுக்கட்டும். அவருக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. வகுப்பின் கடைசியில், சிறுவர்கள் எந்நேரமும் அழைக்கக்கூடிய 1929 என்ற இலக்கத்தைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளின் கொப்பிகளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.