பைத்துல் முகத்தஸின் கல் வீடுகள்



பைத்துல் முகத்தஸ் என்றவுடன் மஸ்ஜிதுல் அக்ஸாவும் குப்பத்துஸ் ஸக்ராவும் நம் கண்முன் தோன்றுகின்றன. அவற்றைச் சூழ்ந்துள்ள ஊரை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அங்கே நேற்றெழுந்த வீடும் பல நூற்றாண்டு பழமையான வீடும் ஏறத்தாழ ஒரே வெளிர்மஞ்சள் நிறத்தில் நிற்கின்றன. இது தற்செயலன்று, இதன் பின்னே ஓர் ஆணை இருக்கிறது.

1917 டிசம்பரில் அந்நகரம் உதுமானியரிடமிருந்து பிரிட்டிஷார் வசமாயிற்று. இராணுவ ஆளுநரான ரொனால்ட் ஸ்டோர்ஸ் 1918 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாபுல் அமூத் வாயிலிலிருந்து எப்பக்கமும் 2,500 மீட்டர் தொலைவுக்குள், தம் எழுத்துமூல அனுமதியின்றி எவரும் கட்டிடம் எழுப்பவோ, இடிக்கவோ, மாற்றவோ கூடாது என்றார். சாந்துப் பூச்சும் நெளிதகரமும் விலக்கப்பட்டன. புதிய வீடுகளும் உள்ளூர்க் கல்லாலேயே எழவேண்டும் என்றாயிற்று.

உண்மையில் அவ்வூர் மக்களுக்கு இதைக் கற்பிக்க ஓர் ஆளுநர் தேவைப்படவில்லை. மலகீ என்னும் சுண்ணாம்புக் கல் வெட்டும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட்டபின் இறுகுவது. இதனைக் கொண்டு கல்தச்சர்கள் உள்ளும் புறமும் இரு சுவர்களை எழுப்பி, இடையே கல்துண்டுகளும் சுண்ணாம்புச் சாந்தும் நிரப்பினர். கனத்த அச்சுவர் கோடையில் வெப்பத்தைத் தடுத்தது. மேலே வளைவுக் கூரையையும் தாங்கியது. கல்லின் முகத்தைக் கொத்தும் முறைக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன: கரடுமுரடாக விடுவது துப்ஸா, பல் உளியால் நுண்ணிதாய்க் கொத்துவது முஸம்ஸம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரும்பு உத்திரமும், நம் மங்களூர் ஓட்டைப் போன்ற பிரெஞ்சு ஓடும் வந்தபோது அவற்றையும் அவர்கள் ஏற்றனர். கல்லை மட்டும் கைவிடவில்லை.

ஆணை தோற்றத்தைக் காத்தது, தொழிலைக் காக்கவில்லை. கல்லும் கூலியும் விலையேறவே, கான்கிரீட் சுவர்மீது மெல்லிய கல்பலகை பதித்தால் போதும் என்னும் நிலை வந்தது. சுவரைத் தாங்கிய கல் வெறும் போர்வையாயிற்று. 1967-இல் கிழக்குப் பகுதியை இஸ்ரேல் கைப்பற்றியபின், அங்கே எழுப்பிய புதிய குடியிருப்புகளுக்கும் இதே கல்லைப் போர்த்தியது. ஊருக்கு இசைந்த கல் என்று சொல்லப்பட்டதே, பறித்த நிலம் என்றும் அந்நகரின் பகுதியாகவே இருந்தது போலக் காட்டவும் உதவிற்று.

அக்கல்லின் பெரும்பகுதி இன்றும் ஹெப்ரான் என்னும் அல்-கலீல், பெத்லஹேம் ஆகிய ஊர்களின் சுற்றுப்புறக் குவாரிகளிலிருந்தே வருகிறது. அதை வெட்டும் ஃபலஸ்தீனத் தொழிலாளருள் பலர் அனுமதிச் சீட்டின்றி அந்நகருக்குள் நுழைய இயலாதவர்கள்.